சத்தி ரோட்டு மணிப்பூர்ச் சாப்பாடும் மாடிவீட்டு ஜன்னலும்

கோயம்புத்தூரில் நடந்தவை, நடந்த வரிசையில்:

1. வெள்ளிக்கிழமை காலை வந்து இறங்கி, நேராகச் சாப்பிடப் போனேன்.
2. சாப்பிட்ட இடத்தின் சமையலறையில் ஊதுபத்தி கொளுத்தினேன்.
3. வாஸ்து பார்ப்பவர் ஒருவரோடு போனில் வாதாடிப் பாதி ஜெயித்தேன்.
4. கணபதி பகுதியில் ஒரு தகரக் குழாய் செய்து வாங்கி, அதை நடுரோட்டில் உருட்டிவிட்டேன்.
5. யாரும் அழைக்காத ஒரு பெண் பார்க்கும் சடங்குக்குள் நுழைந்து, ஜன்னலைத் திறக்கச் சொன்னேன்.

ஐந்தாவதைச் செய்திருக்கக் கூடாது என்று அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். விவரம் இதுதான்.

ஓட்டல் சமையலறைகளுக்குக் காற்றோட்டம் அமைப்பது என் வேலை. இருப்பது சென்னை, பிறந்தது தூத்துக்குடி. லின்தோய் மணிப்பூர்க்காரி, சென்னை மகளிர் விடுதியில் என் அறைத்தோழியாக இருந்தவள். இரண்டு வருடத்துக்கு முன் கோயம்புத்தூர் வந்து, கல்லூரிகள் நெருங்கிக் கிடக்கும் சத்தி ரோட்டில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்துச் சின்ன உணவகம் தொடங்கினாள். பலகையில் ‘ஏஷியன் கிச்சன்’ என்று இருக்கும். மணிப்பூர் என்று போட்டால் யாருக்கும் புரியாது, சைனீஸ் என்று போட்டால் அவளுக்குக் கோபம் வரும், ஆகவே இது.

அவள் என்னை அழைத்த காரணம் வாசம். வீட்டுக்காரர் சிவசாமி குடும்பத்தோடு மாடியில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சமைக்கும் ஒரு பதார்த்தத்தின் வாசம் மாடி முழுக்க ஏறுகிறதாம். இந்த ஞாயிறு அவர் மகள் நித்யாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். வாடகை ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. “ஞாயித்துக்கெழமை போகட்டுங்க, அப்புறம் பேசிக்கலாமுங்க” என்று சொல்லியிருக்கிறார். இரண்டு வருடத்தில் அவர் புதுப்பிப்பதைத் தள்ளிப்போட்டது இதுவே முதல்முறை. லின்தோய் போனில் அழவில்லை. “நீ செய்யும் வேலை இதுதானே, வந்து செய்” என்றாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அங்கே உட்கார்ந்திருந்தேன். ஆறு மேசை. சுவரில் மெனு, தமிழில் கையால் எழுதியது. ஒரு கிண்ணம் துக்பா வாங்கினால் மாணவர்களுக்கு வயிறு நிறையும், கைச்செலவுக்கு வீட்டிலிருந்து வரும் பணத்தில் ஓட்டை விழாது. அதனால்தான் கூட்டம். துக்பா என்பது கோழிச் சாற்றில் மிதக்கும் நூடுல்ஸ். மேலே வெங்காயத்தாள், ஓரத்தில் ஒரு கரண்டி மிளகாய் விழுது. சென்னையில் இதே பெயரில் விற்பதில் சோளமாவுதான் பாதி. இங்கே சாறு தெளிவாக இருந்தது, அடியில் இஞ்சி தெரிந்தது.

பக்கத்து மேசையில் இரண்டு உள்ளூர்ப் பையன்கள் மோமோவைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மாப்ள, இது நம்ம கொழுக்கட்டதான்டா. உள்ள பூரணத்துக்குப் பதிலா கோழி.”

“உங்கம்மாகிட்டச் சொல்லிப் பாரு. அடுத்த வாரம் சதுர்த்திக்குக் கோழி வெச்சுப் புடிக்கட்டும்.”

“பிள்ளையாரு எந்திரிச்சு எங்கூட இங்கயே வந்துருவாருடா.”

சுவரோர மேசையில் இரண்டு நர்சிங் மாணவிகள் மணிப்புரி மொழியில் தாழ்ந்த குரலில் பேசினார்கள். என்ன பேசுகிறார்கள் என்று லின்தோயிடம் கேட்டேன். “‘இந்த ஞாயிறு ஈரோம்பா இருக்குமா இருக்காதா’ என்கிறாள் ஒருத்தி. ‘இல்லையென்றால் சாம்பாரில் மிளகாயைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான்’ என்கிறாள் இன்னொருத்தி” என்று தமிழில் சொன்னாள்.

ஈரோம்பாதான் பிரச்சினைக்குரிய பதார்த்தம். வேகவைத்த உருளைக்கிழங்கும் பீன்ஸும் மிளகாயோடு மசித்தது. மசிக்கும்போது அதில் ஙாரி சேரும். ஙாரி என்றால் சின்ன மீனைக் காயவைத்து, பானையில் அடைத்து, மாதக்கணக்கில் புளிக்கவைப்பது. அதைத் தணலில் சுட்டுச் சேர்க்க வேண்டும். சுடும்போதுதான் வாசம் கிளம்பும். லின்தோய் டப்பாவைத் திறந்து காட்டினாள். தூத்துக்குடி மூக்குக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை. எங்கள் தெருவில் நெத்திலி காயும் மே மாதத்தை ஒரு டப்பாவுக்குள் அமுக்கி வைத்தால் இப்படித்தான் இருக்கும். ஆனால் மாடியில் இருப்பவர்கள் தூத்துக்குடிக்காரர்கள் இல்லை.

அடுத்தது ஊதுபத்தி. காற்று எங்கே போகிறது என்று பார்க்க அதைவிட மலிவான கருவி கிடையாது. லின்தோய் ஒரு துண்டு ஙாரியைச் சுட்டாள். நான் அடுப்புக்குப் பக்கத்தில் பத்தியைப் பிடித்தேன். சுவரில் எக்ஸாஸ்ட் விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. புகை அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. எதிர்த்திசையில் நகர்ந்து, ஒரு பிளைவுட் கதவின் மேல் இடுக்கில் புகுந்து காணாமல் போயிற்று.

அந்தக் கதவுக்குப் பின்னால் மாடிப்படி. ஒரே குடும்பம் இருக்கக் கட்டிய வீடு. கீழ்த்தளத்தை வாடகைக்கு விடும்போது உள்படிக்கட்டை இந்தக் கதவால் மூடியிருக்கிறார்கள்.

“பின்கதவு ஏன் சாத்தியிருக்கிறது?” என்றேன்.

“கொல்லையில் மாடிவீட்டு அக்கா துணி காயப்போடுவார்கள். துணியில் வாசம் ஏறக் கூடாது இல்லையா? ஞாயிற்றுக்கிழமை ஈரத்துணி வைத்து அடைத்தே விடுவேன்.”

உள்ளே வரக் காற்று இல்லாவிட்டால் விசிறி எதை வெளியே தள்ளும்? சரி, அது கீழே. மாடியில் எது இழுக்கிறது என்று பார்க்க வெளிப்படி வழியாக ஏறினேன்.

சிவசாமி மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டி வைத்திருப்பவர். வாசலிலேயே நின்றிருந்தார்.

“வாங்க அம்மணி, வாங்க. சாப்ட்டீங்களா?”

“கீழேதான் சாப்பிட்டேங்க.”

“அது சரீங்க. இங்க ஒரு வாய் சாப்புடுங்க.”

தூத்துக்குடியில் வீட்டுக்காரரைப் பார்க்க வாடகைக்காரரின் ஆள் போனால், முதல் வார்த்தை ‘என்ன விசயம்’ என்பதாக இருக்கும். இங்கே விஷயத்துக்கு வர ஒரு தட்டு ஒப்புட்டும், அதாவது போளியும், ஒரு டம்ளர் காப்பியும் ஆயிற்று. அவர் மனைவி கலாமணி பக்கத்திலேயே நின்று, தட்டு காலியாக விடாமல் பார்த்துக்கொண்டார். வெயில் நேரம், ஆனாலும் எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. சமையலறையில் யாரும் சமைக்கவில்லை. ஆனாலும் எக்ஸாஸ்ட் விசிறி இரைந்துகொண்டிருந்தது.

“அக்கா, அந்த ஃபேன் எப்பவும் ஓடுமா?”

“விடிஞ்சதுல இருந்து ஓடுமுங்க கண்ணு. வாசத்துக்கு. ஜன்னலையும் சாத்திப்போட்டு அதைப் போட்டுவுட்டா, உள்ள இருக்கற வாசம் போயிருமுங்கல்ல?”

போகவில்லை. சாத்திய வீட்டில் அந்த விசிறி காற்றுக்கு அலைந்து, படிக்கட்டு வழியாகக் கீழே இருந்து இழுத்துக்கொண்டிருந்தது. அவர் வாசத்துக்காக விசிறி போட்டார். விசிறியால் வாசம் வந்தது. வாசம் வந்ததால் விசிறியை நிறுத்தவில்லை. கீழே லின்தோய் அவர்கள் துணிக்காகக் கதவைச் சாத்தினாள். வாசத்துக்குப் படிக்கட்டைத் தவிர வழியில்லாமல் போயிற்று. இரண்டு வருடமாக இரண்டு வீட்டாரும் ஒருவர் மனம் ஒருவர் கோணாமல் இதைச் செய்திருக்கிறார்கள்.

“லின்தோய்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா?”

கலாமணி என்னை விசித்திரமாகப் பார்த்தார். “சோறு ஆக்கற புள்ளகிட்டப் போயி உன்ற சோறு நாறுதுன்னு எப்படிங்க கண்ணு சொல்றது?”

நான் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொன்னேன். கீழே பின்கதவைத் திறக்க வேண்டும். அடுப்புக்கு மேல் ஒரு தகரக் கூண்டு, அதிலிருந்து மொட்டைமாடிக்கு மேலே போகும் குழாய், இழுக்க ஒரு மோட்டார். மாடியில் விசிறியை நிறுத்தி, மேற்கு ஜன்னலைத் திறக்க வேண்டும்.

“ஆகட்டுங்க கண்ணு” என்றார் கலாமணி உடனே. சிவசாமி குழாய் எந்த மூலையில் போகும் என்று மட்டும் கேட்டார். தென்கிழக்கில் பால்கனி நீட்டிக்கொண்டிருந்தது. நேராக மேலே ஏற வடகிழக்குதான் வசதி என்றேன். அவர் முகம் மாறவில்லை, குரல் மட்டும் இன்னும் பணிவானது.

“அது ஈசானிய மூலைங்க அம்மணி. நீங்க படிச்சவுங்க, நாஞ் சொல்லப்படாது. ஒரு போன் போட்டுக்கலாமுங்களா?”

போன் போட்டது வாஸ்துக்காரருக்கு. அவர் என்னிடமே பேசினார். ஈசானியத்தில் துளை கூடவே கூடாது. புகைக்கு அக்னி மூலை, அதாவது தென்கிழக்கு. பால்கனியைச் சுற்ற இரண்டு வளைவு வரும், வளைவுக்கு வளைவு இழுவை குறையும் என்றேன். “அப்ப மோட்டாரப் பெருசாப் போடுங்க. நானா வேண்டாங்கறேன்?” என்றார். மொட்டைமாடிக்கு மேல் குழாய் எத்தனை அடி என்று கேட்டார். ஒன்பது என்றேன். “ஒம்பது ஆகாதுங்க. பதினொண்ணு வைங்க.” உயரம் கூடினால் எனக்கு நல்லதுதான், உடனே ஒப்புக்கொண்டேன். வாடிக்கையாளர் சுவரை இடிக்கக் கூடாது, தூணைத் தொடக் கூடாது என்பார்கள். அதையெல்லாம் கணக்கில் சேர்த்துக்கொள்வதுதானே வேலை. இதையும் சேர்த்துக்கொண்டேன். மேற்கிலிருந்து காற்று அடிக்கும் ஊரில் தென்கிழக்கு மூலையில் வெளிவரும் புகை வீட்டைத் தாண்டி ஓடிவிடும் என்பது பிறகு உறைத்தது.

சாயங்காலம் கீழே வந்ததும் லின்தோயிடம் ஒன்று கேட்டேன். “இந்த ஒரு ஞாயிறு மூடிவிட்டால் என்ன? நான் நிதானமாக வேலை செய்வேன்.”

அவள் கோஸ் நறுக்குவதை நிறுத்தவில்லை. “இந்த ஞாயிறு பெண் பார்க்க வருவார்கள். மூடுகிறேன். அப்புறம் நிச்சயம். மூடுகிறேன். கல்யாணம், வளைகாப்பு, பேர் வைப்பது. எத்தனை மூடுவேன்? ஞாயிறுதான் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வருகிறார்கள். நான் சமைத்துக்கொண்டிருக்கும்போதே மாடி நன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வேறு இடம் பார்க்கிறேன்.”

சரி என்றேன்.

கணபதியில் தகரவேலை செய்யும் சலீம் பாயின் பட்டறை, ஓர் ஆள் நுழையும் சந்தில் இருந்தது. என் வரைபடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது எந்த மில்லுக்கும்மா?”

“மில் இல்ல பாய். ஒரு சின்ன ஓட்டல். வாசம் போறதுக்கு.”

“கிரைண்டருக்கு மூடி கேட்டு வருவாங்க, பம்புக்குக் கவர் கேட்டு வருவாங்க. வாசத்துக்கு டிராயிங் போட்டு எடுத்துட்டு வந்தவங்க நீங்கதாம்மா. பிரியாணிக் கடையா?”

“மீன்.”

“அப்ப நல்ல கனமான தகடாப் போடறேன்” என்றார்.

மோட்டார் கிடைப்பதில் சிரமமே இல்லை. இந்த ஊரில் மோட்டார் வேண்டும் என்றால் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை, எத்தனை ஹெச்.பி. என்றுதான் கேட்கிறார்கள்.

சனிக்கிழமை மதியம் குழாய்த் துண்டுகள் தயார். வருவதாகச் சொன்ன சரக்கு ஆட்டோ வரவில்லை. சாதாரண ஆட்டோ ஒன்றில் கூண்டை மடியிலும் வளைவுகளைக் காலடியிலும் வைத்து, நீளத் துண்டுகளைக் கூரைமேல் கட்டிக்கொண்டு புறப்பட்டோம். ஒரு மேடு ஏறி இறங்கும்போது கயிறு விட்டது. குழாய் சத்தி ரோட்டின் நடுவில் உருண்டு, ஒரு டவுன் பஸ்ஸின் முன்னால் போய் நின்றது.

சென்னையில் இந்த நிலைமையில் என்ன காதில் விழும் என்று எனக்குத் தெரியும். பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

“ஏனுங்க அம்மணி, கொழாய எடுத்துக்கறீங்களா? இல்ல, சுத்திப் போயிக்கட்டுமுங்களா?”

“எடுத்துக்கறேங்க” என்றேன். என் வாயிலும் அந்த ‘ங்க’ வந்துவிட்டிருந்தது. பின்னால் வண்டிகள் நின்றன. ஹாரன் அடித்தார்கள், ஆனால் திட்டவில்லை. பஸ்ஸில் இருந்து ஒரு பெரியவர், “கண்ணு, ஒரு முனைதானுங்க நசுங்கியிருக்குது; தட்டிவிட்டாச் சரியாப்போயிரும்” என்று ஆறுதல் சொன்னார். நசுங்கியதைத் தட்டினோம். ஓரளவு சரியாயிற்று. ஆட்டோக்காரர் குழாயை மறுபடி ஏற்ற மறுத்துவிட்டார், அதுவும் மிகுந்த மரியாதையோடு. சரக்கு வண்டி ஒன்று நிற்கும்வரை வெயிலில் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

இருட்டுவதற்குள் எல்லாம் ஏறிவிட்டது. மோட்டாரைப் போட்டோம். பின்கதவு திறந்திருக்க, ஊதுபத்திப் புகை நேராகக் கூண்டுக்குள் ஏறிற்று. பிளைவுட் கதவைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டினேன். பழைய கதவு வளைந்திருந்ததால் மேலே மட்டும் ஒரு விரல் இடுக்கு நின்றது. அங்கே ஒரு கீற்று டிஷ்யூ காகிதத்தை ஒட்டித் தொங்கவிட்டேன். அது எங்கள் பக்கம் சாய்ந்தது. மாடியில் இருந்து கீழே காற்று வருகிறது என்று அர்த்தம். மாடிக்குப் போய்க் கலாமணியிடம் மறுபடி சொன்னேன்: ஜன்னல் திறந்து, விசிறி நின்று. “ஆகட்டுங்க கண்ணு” என்றார் மறுபடி.

ஞாயிறு பதினோரு மணிக்கு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பட்டுப்புடவைகள் மாடி ஏறின. கீழே ஆறு மேசையும் நிறைந்திருந்தது. சுவரோரம் நின்றுகொண்டும் பிள்ளைகள் காத்திருந்தார்கள். லின்தோய் தணலில் ஙாரியை வைத்தாள். நான் பிளைவுட் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காகிதக் கீற்று முதலில் தளர்ந்தது. பிறகு திரும்பி, இடுக்குக்குள் மாடியை நோக்கி நுழைந்தது.

மாடியில் விசிறியைப் போட்டுவிட்டார்கள். விருந்தாளிகள் வரும் பதற்றத்தில் கலாமணி அக்கா பழக்கப்படி எல்லாவற்றையும் சாத்தியிருப்பார். போன் செய்தேன், அடித்து ஓய்ந்தது. நித்யாவுக்கும் செய்தேன். பெண் பார்க்கும் நேரத்தில் பெண் எங்கே போன் எடுப்பாள்?

“தணலை அணைக்கவா?” என்றாள் லின்தோய்.

“வேண்டாம். நீ சமை” என்று சொல்லிவிட்டு, கை கழுவிக்கொண்டு மாடி ஏறினேன்.

கூடத்தில் எல்லா ஜன்னலும் மூடியிருந்தது. சாம்பிராணிப் புகை கண்ணை எரித்தது. அதற்கு நடுவே ஙாரி, சந்தேகத்துக்கு இடமில்லாமல். சோபாவில் மாப்பிள்ளை வீட்டார் ஆறேழு பேர் காப்பி டம்ளரோடு உட்கார்ந்து, இந்த வருடம் மழை எப்படி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையை மூக்கருகே வைத்திருந்தார், தற்செயலாக வைத்ததுபோல. அந்த அறையில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை யாரும் சொல்லவில்லை.

என் உடம்பில் எண்ணெய்க் கறை படிந்த சட்டை. சிவசாமி எழுந்துவிட்டார். “வாங்க அம்மணி, காப்பி...”

“இல்லைங்க ஐயா. மன்னிச்சுக்கங்க.” எல்லாரையும் பார்த்துச் சொன்னேன். “நான் கீழே ஓட்டல்ல காத்து வேலை பாக்கிற இன்ஜினியர். இந்த வாசம் கீழே சமைக்கிற மீனோடது. கெட்டுப்போனது எதுவும் இல்ல. இங்க சமையல்கட்டு ஃபேன் ஓடறதாலதான் மேல வருது. ஃபேனை நிறுத்தி, இந்த ஜன்னலைத் திறந்தாப் போயிரும்.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, வாசமெல்லாம் இல்லீங்க” என்றார் சிவசாமி விருந்தாளிகளிடம், வேர்த்துக்கொண்டு. கலாமணி சமையலறை வாசலில் தட்டோடு உறைந்து நின்றார்.

எழுந்தது நித்யா. தலை நிறையப் பூவோடு போய் விசிறியை நிறுத்தினாள். திரும்பி வந்து மேற்கு ஜன்னலின் இரண்டு கதவையும் தள்ளினாள்.

“ரெண்டு வருசமா இந்த ஊட்டுல எல்லாரும் மூச்சப் புடிச்சுட்டு மரியாத பண்றமுங்க” என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

ஆவணிக் காற்று ஒரே மூச்சில் உள்ளே வந்தது. நாட்காட்டித் தாள் படபடத்தது, சாம்பிராணி கலைந்தது. மாப்பிள்ளையின் அம்மா முந்தானையைக் கீழே விட்டார்.

“நானும் கேக்கலாமான்னு பாத்தனுங்க. வந்த எடத்துல எப்படிக் கேக்கறதுன்னு...” என்னைப் பார்த்தார். “கருவாடுங்களா கண்ணு?”

“அது மாதிரிதாங்க. மணிப்பூர்க் கருவாடு.”

“இவருக்குக் கருவாடுன்னா உசுரு” என்று கணவரைக் காட்டினார். “நாந்தா ஊட்டுக்குள்ள உடறதில்ல.”

கணவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே, “கீழ எத்தன மணி வரைக்குமுங்க இருக்கும்?” என்றார். சிரித்தது முதலில் மாப்பிள்ளை. நான் காப்பியை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன். பிளைவுட் கதவில் காகிதக் கீற்று எங்கள் பக்கம் சாய்ந்திருந்தது.

அப்புறம்தான் சாப்பிட்டேன். சோறு, ஈரோம்பா, துருவிய கோஸில் பொரிகடலைத் தூள் தூவிய சிங்ஜு. காரம் காதுவரை ஏறிற்று. உருளைக்கிழங்கு மேட்டுப்பாளையத்தில் இருந்து, சிவசாமியின் மண்டிச் சரக்கு. அவர்தான் வாராவாரம் மூட்டை அனுப்புகிறார் என்று லின்தோய் சொன்னாள்.

சாயங்காலம் அவரே இறங்கி வந்தார். இரண்டு வருடத்தில் முதல்முறையாக மேசையில் உட்கார்ந்து, ஒரு காய்கறி துக்பா கேட்டார். லின்தோய் ஈரோம்பாவும் ருசிக்கக் கொஞ்சம் வைக்கட்டுமா என்றாள்.

“அது மட்டும் வேண்டாமுங்க அம்மணி” என்றார். “அது நம்மனால ஆகாதுங்க. வாசம் தாங்க முடியறதில்ல.”

சொல்லிவிட்டு, தாம் சொன்னதைத் தாமே கேட்டவர்போல ஒரு கணம் நிறுத்தினார். லின்தோய் சிரித்து, “சரிங்க ஐயா” என்றாள். கிண்ணத்தைக் காலி செய்தபின், நாளைக்கு முத்திரைத்தாள் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போதைய நிலை: மாப்பிள்ளை வீட்டாரிடம் இருந்து இன்னும் பதில் வரவில்லை. அதற்குக் காத்திராமல் வாடகை ஒப்பந்தம் மேலும் பதினோரு மாதத்துக்குக் கையெழுத்தாகிவிட்டது. மாடியில் மேற்கு ஜன்னல் பகலில் திறந்திருக்கிறது. ஏதாவது வாசம் வந்தால் கலாமணி அக்கா படியிறங்கி வந்து சொல்லிவிடுகிறாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஈரோம்பா உண்டு.